கோகிமாவின் நினைவுச் சோலை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பேசுவது நம் மரபு. சிலம்பும் குறளும் கம்பனும் இங்கு முழங்கியதுண்டு. இவ்வாண்டு செயற்குழு எங்களுக்கு இட்ட பணி சற்று வேறானது. சென்ற பனிக்காலத்தில் சங்கத்தின் சார்பில் கோகிமாவுக்குச் சென்று வந்த இருபத்திரண்டு பேரும், அங்குள்ள போர் நினைவுச் சோலையில் கண்டதையும் எண்ணியதையும் ஒரு குரலாக எடுத்துரைக்க வேண்டும் என்பதே அப்பணி. ஆகவே பேசுவது ஒருவர் நாவாயினும், பேச்சு எங்கள் அனைவருடையதும் ஆகும். குறை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

"நினைவுச் சோலை என்றால் என்ன? அது கல்லறைத் தோட்டம் அன்றோ? விழா நாளில் கல்லறையைப் பற்றிப் பேசலாமா?" என்று சிலர் நினைக்கக்கூடும். நாங்களும் புறப்படும்போது அவ்வாறே தயங்கினோம். போய்ப் பார்த்த பின்னரோ, அதைப் பற்றி நம் குழந்தைகளுக்குச் சொல்லாமல் இருப்பதுதான் தவறு என்ற முடிவுக்கு வந்தோம். காரணத்தை இனிக் கூறுவோம்.

மலைப்பாதை

பிரம்மபுத்திரையின் கரையில் வாழும் நமக்குக் கோகிமா மிகத் தொலைவான ஊர் அன்று. திமாப்பூர் வரை இரயில். ஆங்கிருந்து மலைச் சாலையில் ஏறத்தாழ 74 கிலோமீட்டர். நாகாலாந்துக்குள் செல்ல உள்கோட்டு அனுமதிச் சீட்டு பெற வேண்டும். சமவெளியின் புழுக்கம் சிறிது சிறிதாகக் குறைந்து, மூங்கிற் காடுகள் பின்தங்கி, மேகம் தோளைத் தொடும் உயரத்திற்கு வந்துவிட்டால் கோகிமா வந்துவிட்டது என்று பொருள். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில், மலை முதுகின்மேல் வரிசை வரிசையாக வீடுகள் அமைந்த ஊர் அது.

இச்சாலை நமக்குப் புதியது அன்று என்பதை முதலில் நினைவூட்ட விரும்புகிறோம். 1942-ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியபோது, பல இலட்சம் இந்தியர் அந்நாட்டை விட்டு ஓடி வந்தனர். கப்பலில் இடம் கிடைக்காதவர் காடும் மலையும் கடந்து கால்நடையாக வந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் தமு, பாலேல், இம்பால் வழியாகத் திமாப்பூர் இரயிலடியை நோக்கி வந்தது இந்தச் சாலை வழியேதான். இரங்கூனின் துறைமுகத்திலும் பர்மாவின் நெல்வயல்களிலும் கடைகளிலும் உழைத்த தமிழர் அவர்களுள் பலர். பசியாலும் மலேரியாவாலும் வாந்திபேதியாலும் வழியில் மடிந்தோர் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் பெயரை எழுதிய கல் எதையும் வழியில் நாங்கள் காணவில்லை. வண்டியின் சன்னல் வழியே அப்பள்ளத்தாக்குகளைப் பார்த்துக்கொண்டே சென்றபோது, எங்களுள் பலர் பேச்சை நிறுத்திவிட்டோம்.

போரின் வரலாறு

இளைஞர்களுக்காகப் போரின் வரலாற்றைச் சுருங்கச் சொல்ல வேண்டும்.

1944-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஜப்பானின் 15-ஆம் சேனை பர்மாவிலிருந்து இந்திய எல்லையைக் கடந்தது. தளபதி முதகுச்சியின் திட்டம் இம்பாலையும் கோகிமாவையும் பிடிப்பது. கோகிமா வீழ்ந்தால் இம்பாலுக்குச் செல்லும் ஒரே நல்ல சாலை அறுபடும். அதற்கு அப்பால் திமாப்பூரின் இரயிலடியும் பெருங்கிடங்குகளும் கைக்கு எட்டும். நாம் இன்று வாழும் இந்த அஸ்ஸாமின் இரயில் பாதையும் விமானத் தளங்களும் அன்று ஆபத்தின் விளிம்பில் நின்றன.

கோகிமாவை நோக்கி வந்தது தளபதி சாட்டோவின் தலைமையில் 31-ஆம் டிவிஷன். ஏறத்தாழ 15,000 பேர் கொண்டது. கோகிமாவில் இருந்த காவற்படையோ ஏறத்தாழ 2,500 பேர்தான். அவர்களிலும் போர்ப் பயிற்சி முழுமையாகப் பெற்றவர் ஏறக்குறைய 1,500 பேரே. ஏனையோர் கிடங்கு, மருத்துவம், சமையல், போக்குவரத்து முதலிய வேலைகளில் இருந்தோர். 1941-இல் ஷில்லாங்கில் தோற்றுவிக்கப்பெற்ற அஸ்ஸாம் ரெஜிமெண்டும், அஸ்ஸாம் ரைபிள்சும், ஆங்கிலேயரின் மேற்குக் கெண்ட் பட்டாளம் ஒன்றும், நேபாளப் பட்டாளமும் அவர்களுள் அடங்கும்.

ஏப்ரல் 4-ஆம் நாள் போர் தொடங்கியது. காவற்படை ஒரு குன்றின்மேல் சுருங்கியது. மாவட்டத் துணை ஆணையர் சார்லஸ் பாசியின் பங்களாத் தோட்டத்தில் டென்னிஸ் ஆடுவதற்காகச் சமப்படுத்திய ஒரு சிறு தளம் இருந்தது. அத்தளத்தின் ஒரு புறம் ஜப்பானியர், மறுபுறம் காவற்படையினர். பந்து பறந்த இடத்தில் கையெறி குண்டுகள் பறந்தன. நீர்நிலை பகைவர் கைப்பட்டுவிட்டமையால் தண்ணீரை அளந்தே கொடுத்தனர். குன்றின் ஒரு சரிவில் இருந்த சிற்றூற்றை இரவில் மட்டுமே அணுக முடிந்தது. உணவும் மருந்தும் வானிலிருந்து பாராசூட்டில் வந்தன. குண்டுமழையில் குன்றின் மரங்கள் அனைத்தும் இலையும் கிளையும் இழந்து வெறுங் கம்பங்களாய் நின்றன. அக்கம்பங்களில் பாராசூட்டுத் துணிகள் கந்தல்களாய்த் தொங்கிய காட்சியை அக்காலப் புகைப்படங்களில் இன்றும் காணலாம்.

ஏப்ரல் 18-ஆம் நாள் உதவிப்படை வந்து சேர்ந்தது. ஆயினும் போர் முடியவில்லை. மே மாதம் 13-ஆம் நாள்தான் அந்த டென்னிஸ் தளம் முழுவதும் மீட்கப்பெற்றது. மூன்று வாரத்திற்கான உணவை மட்டுமே சுமந்து வந்த ஜப்பானிய வீரர் பட்டினியில் வாடினர். மேலிடத்தின் கட்டளையை மீறித் தம் படையைப் பின்வாங்கச் செய்தார் சாட்டோ. சூன் 22-ஆம் நாள் இம்பால் சாலை மீண்டும் திறந்தது. கோகிமாவைச் சுற்றி நடந்த சண்டையில் பிரிட்டிஷ், இந்தியப் படையினருள் மாண்டும் காணாமற் போயும் காயமுற்றும் இழந்தோர் 4,000-க்கு மேல். ஜப்பானியர் இழப்பு ஏறத்தாழ 6,000. பின்வாங்கும் வழியில் பசியிலும் நோயிலும் மாண்டோர் இக்கணக்கில் சேரார்.

2013-இல் இலண்டனில் உள்ள தேசிய இராணுவக் காட்சிச்சாலை நடத்திய வாக்கெடுப்பில், பிரிட்டனின் மாபெரும் போர் இம்பால் - கோகிமாப் போரே எனத் தேர்ந்தனர். அதே போரைப் பற்றி நம் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பானிப்பட்டு தெரியும், பிளாசி தெரியும், வாட்டர்லூவும் தெரியும். கோகிமா நாகாலாந்தின் தலைநகரம் என்பதற்குமேல் தெரிவதில்லை.

சோலையின் தோற்றம்

இனிச் சோலைக்கு வருவோம். போர் நடந்த அதே குன்றுதான் இன்று நினைவுச் சோலை. சாலையோரத்தில் வாயில், அங்கிருந்து படி படியாக மேலே ஏறும் அடுக்குத் தளங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் கத்தரித்த புல்தரை, மலர்ச் செடிகள், இடையிடையே நிழல் மரங்கள். புல்லின் நடுவே வரிசையாகத் தாழ்வான கற்கள். ஒவ்வொன்றின்மேலும் ஒரு வெண்கலத் தகடு. அதில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. பலவற்றில் வீட்டார் தேர்ந்து எழுதியனுப்பிய ஓரிரு வரிகள். 1,420 பேருடைய அடக்கத் தலங்கள் இங்கு உள்ளன. விக்டோரியா கிராஸ் என்னும் உயர் விருது பெற்ற ஹார்மன், ராண்டில் என்ற இருவரின் கல்லும் அவற்றுள் உண்டு. ஆனால் விருது பெற்றவர் கல்லும் பெறாதவர் கல்லும் ஒரே அளவு. அதிகாரிக்கு ஒரு கல், சிப்பாய்க்கு ஒரு கல் என்ற வேற்றுமை இல்லை. 1917-இல் நிறுவப்பெற்ற போர்க் கல்லறை ஆணையம் தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்ட நெறி அது. பதவிக்கேற்பக் குடியிருப்பு வகுத்துக் கொடுக்கும் காலனிகளில் வாழும் நமக்கு அச்சமத்துவம் சற்று உறைக்கவே செய்தது!

வயதைப் படிக்கப் படிக்க நெஞ்சு கனத்தது. பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு, இருபத்து நான்கு. எங்களுடன் வந்த கல்லூரி மாணவர் இருவர் முதலில் ஒருவர்க்கொருவர் வேடிக்கை பேசிக்கொண்டு வந்தனர். மூன்றாம் அடுக்கை எட்டுவதற்குள் அவர்கள் தாமாகவே அமைதியாகிவிட்டனர். தம் வயதையே கல்லில் படித்தனர் அல்லரோ!

டென்னிஸ் தளத்தின் கோடுகளை வெள்ளைக் கற்காரையால் வரைந்து அப்படியே காத்து வருகின்றனர். அதன் அருகே ஒரு செர்ரி மரம். அதற்குத் தனி வரலாறு உண்டு. போரின்போது அம்மரத்தைக் குறிபார்த்துச் சுடுவோர் மறைவிடமாகப் பயன்படுத்தினர்; சண்டையில் மரம் அழிந்தது. எஞ்சிய அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து வளர்ந்ததே இன்றுள்ள மரம் என்று அங்குள்ள தகடு கூறுகிறது. அன்று இலை ஒன்றும் இல்லாதிருந்த குன்றின்மேல் இன்று அதுவும் ஏனைய மரங்களும் நிழல் தந்து நிற்கின்றன. இம்மரத்தைப் பற்றிப் பின்னரும் பேச வேண்டியிருக்கிறது.

நாகர் கல்லும் நம் நடுகல்லும்

வாயிலிருந்து சிறிது தூரத்தில் நிற்பது பிரிட்டிஷ் 2-ஆம் டிவிஷனின் நினைவுக் கல். செதுக்கிப் பளபளப்பாக்கிய சலவைக்கல் அன்று. பதினைந்து அடி உயரமுள்ள ஒற்றை மலைக்கல். இறந்தோர் நினைவாக நாகர்கள் தம் ஊர்களில் நாட்டும் கல்லின் வடிவமே அது. இக்கல்லின் அடியில் நான்கு வரி வாசகம் ஒன்று உண்டு. கோகிமாவின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்ற வாசகம் அது. காண வந்தவர் கையில் ஒரு தூதை ஒப்படைக்கும் முறையில் அமைந்தது. கிரேக்க நாட்டில் தெர்மாப்பிலே என்னுமிடத்தில் மாண்ட வீரர்க்கு எழுதப்பெற்ற பழம் வாசகத்தின் சாயல் அதில் உண்டு என்று அறிஞர் கூறுவர்.

கிரேக்கம் வரை போவானேன்? அந்த மலைக்கல்லைக் கண்டதும் எங்கள் நினைவுக்கு வந்தது நம் நடுகல். போரில் பட்டவனுக்குக் கல் நாட்டும் முறைக்குத் தொல்காப்பியர் இலக்கணமே வகுத்துள்ளார். தக்க கல்லைத் தேடிக் காண்பதும், கொணர்வதும், நீராட்டுவதும், நடுவதும், படையல் இடுவதும், வாழ்த்துவதும் என ஒவ்வொன்றுக்கும் முறை உண்டு. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டிய வரலாற்றைச் சிலம்பு இதே வரிசையில்தான் விரிக்கிறது. 2006-இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துடையவை. இரண்டாயிரம் ஆண்டுக்கும் முற்பட்டவை. அவற்றுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் பட்ட ஒருவனைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவன் அரசன் அல்லன், தளபதியும் அல்லன். ஊரின் மாடுகளுக்காக நிகழ்ந்த சண்டையில் உயிர் விட்ட ஒரு மனிதன். அவன் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று அவ்வூரார்க்குத் தோன்றியது.

நாகர் மலையில் நிற்கும் கல்லும் தேனியில் நிற்கும் கல்லும் ஒரே வேண்டுகோளைத்தான் விடுக்கின்றன: இவன் பெயரை விட்டுவிடாதீர்கள் என்பதே அது. வெற்றியைக் கொண்டாடுவதற்கு எழுந்தவை வளைவுகளும் தூண்களும்; நடுகல்லின் தொழில் பெயரைக் காப்பதே.

உச்சியில் உள்ள பெயர்கள்

சோலையின் உச்சியில், எல்லா அடுக்குகளுக்கும் மேலே, தகன நினைவகம் உள்ளது. 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் அங்குப் பொறிக்கப்பட்டுள்ளன. அவரவர் சமய முறைப்படி எரியூட்டப்பெற்றவர்கள் ஆதலின், அவர்களுக்கு மண்ணில் இடம் இல்லை. கல்லில் பெயர் மட்டுமே உண்டு. படிகளில் ஏறி வரும் பயணிகளுள் பலர் செர்ரி மரத்தோடும் டென்னிஸ் தளத்தோடும் திரும்பிவிடுகின்றனர். உச்சி வரை செல்வோர் சிலரே. அன்று எங்களைத் தவிர அங்கு ஒருவரும் இல்லை.

குழந்தைகள் உடனே நம்மவர் பெயரைத் தேடத் தொடங்கினர். "முருகன் என்று இருக்கிறதா, இராமசாமி என்று இருக்கிறதா?" என்று விரலால் தடவிக்கொண்டே சென்றனர். எங்களுடன் வந்த ஆசிரியை ஒருவர் அவர்களை நிறுத்தி, "நம் ஊர்ப் பெயர் கிடைத்தால்தான் நிற்போமா? வரிசையாகப் படியுங்கள், வாய்விட்டே படியுங்கள்" என்றார். குழந்தைகள் படித்தார்கள். கர்வாலும் பஞ்சாபும் நேபாளமும் கலந்த பெயர்கள். நாவுக்குப் பழகாத பெயர்கள். பிழையாகத்தான் படித்தார்கள். ஆயினும் அம்மலையுச்சியில் அப்பெயர்கள் அன்று ஒலித்தன.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் சேர்ந்தோர் ஏறத்தாழ 25 இலட்சம் பேர். உயிரிழந்தோர் ஏறத்தாழ 87,000 பேர். வீரத்தால் சேர்ந்தவர் சிலர். குலமரபால் சேர்ந்தவர் சிலர். வீட்டில் அரிசி இல்லாமையால் சேர்ந்தவர் பலர். பர்மாப் போர்முனையில் மதராஸ் சாப்பர்கள் கட்டிய பாலங்களும் வெட்டிய சாலைகளும் எத்தனையோ. அவர்களைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே எழுவதில்லை. "வெள்ளைக்காரன் சண்டை" என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிட்டோம்.

ஒரு மாலை எழுப்பிய வினா

அந்த உச்சியில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் இவ்வுரை நிறைவுறாது. சம்பந்தப்பட்ட இருவரின் இசைவோடு, பெயர் குறிக்காமல் கூறுகிறோம்.

மேலே சொன்ன ஆசிரியையின் பாட்டனார் அப்போரில் திமாப்பூர் - இம்பால் சாலையிலேயே இராணுவ லாரி ஓட்டியவர். அவர் நினைவாகச் சாத்துவதற்கென்று அம்மையார் செவ்வந்தி மாலை ஒன்று கொண்டு வந்திருந்தார். எங்களுள் மூத்தவரான பெரியவர் ஒருவரிடம் அதை நீட்டி, "ஐயா, தாங்களே எங்கள் எல்லோர் சார்பிலும் சாத்துங்கள்" என்றார்.

பெரியவர் கை நீட்டவில்லை. சிறிது நேரம் சென்று, "அம்மா, என் தந்தையார் மலேயாத் தோட்டத்தில் பால் வெட்டியவர். நேதாஜியின் படையில் சேர்ந்து இம்பால் முனைக்கு வந்தவர். இவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றவர். நான் இங்கே மாலையிட்டால், அவரை மறந்தவன் ஆவேனா?" என்று கேட்டார்.

எங்களுள் எவர்க்கும் விடை தெரியவில்லை. இது அவர் ஒருவருடைய வினா அன்று. இந்திய நாட்டின் வினா. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் திரண்டு சேர்ந்தனர். இந்தியாவைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். சென்னையில் பிறந்த டாக்டர் இலட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையிலும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர். 1944 ஏப்ரல் 14-ஆம் நாள் மணிப்பூரின் மொய்ராங்கில் கர்னல் சௌகத் மாலிக் மூவண்ணக் கொடி ஏற்றினார். அதே ஏப்ரலில் கோகிமாக் குன்றில் இந்தியச் சிப்பாய்கள் முற்றுகையில் இருந்தனர். ஒரு நாட்டின் மக்கள் போர்முனையின் இரு பக்கத்திலும் நின்றனர். இந்திய தேசிய இராணுவத்தில் மாண்டோர் நினைவாகச் சிங்கப்பூரில் 1945 சூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய சின்னமும், ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் தகர்க்கப்பட்டது. பிற்காலத்தில்தான் மொய்ராங்கில் அதன் மாதிரியை எழுப்பினர்.

அம்மையார் மெல்லச் சொன்னார்: "என் பாட்டனார் ஏற்றிச் சென்ற தோட்டாக்களே தங்கள் தந்தையாரைத் தேடிச் சென்றிருக்கலாம், ஐயா. நான் தங்களை வற்புறுத்தமாட்டேன்."

பெரியவர் அங்கிருந்த படிக்கட்டில் அமர்ந்தார். தம் தந்தை போரைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை என்றும், ஒரே ஒரு முறை மட்டும், இரவில் எதிர்ப்பக்கத்துப் பதுங்குகுழியிலிருந்து இந்துஸ்தானிப் பேச்சுக் கேட்கும், கேட்டால் அன்று தூக்கம் வராது என்று கூறியதாகவும் சொன்னார். பிறகு எழுந்து மாலையின் முடிச்சை அவிழ்த்தார். ஒரு பாதிப் பூவைத் தகன நினைவகத்தின் அடியில் வைத்தார். மறுபாதியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு இறங்கினார். மொய்ராங் வரை செல்ல எங்களுக்கு அம்முறை வாய்ப்பில்லை. ஆகவே அப்பூவை அந்தச் செர்ரி மரத்தின் அடியில் இட்டார். அம்மரம் எப்படைக்கும் உரியது அன்று; அனைத்துப் படைகளின் குண்டும் பட்டது அது. ஆசிரியையும் உடன் நின்றார். இருவரும் வேறொன்றும் பேசவில்லை.

இரு படையினரையும் ஒரே தட்டில் வைப்பது முறையா என்று நம் அவையில் சிலர் கேட்கலாம். எவர் கொள்கை சரி என்ற வழக்கை நாங்கள் தீர்க்க வரவில்லை. ஆயினும் ஒன்று சொல்வோம்: விடுதலை பெற்ற இந்தியா இந்தியப் படையில் பணியாற்றிய முதியவர்க்கும் ஓய்வூதியம் வழங்கியது, 1972-இல் தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தில் இந்திய தேசிய இராணுவத்தினரையும் சேர்த்தது. நாடு தன் இரு கையாலும் இருவரையும் அணைத்துக்கொண்டது. வீட்டில் நாம் ஒருவரைச் சொல்லி மற்றவரை மறைக்க வேண்டிய தேவை என்ன?

மலைக்கு உரியவர்கள்

இப்போரில் எவர்க்கும் பகைவர் அல்லாத ஒரு மக்களும் இருந்தனர், நாகர்கள். மலை அவர்களுடையது, காடு அவர்களுடையது, எரிந்த வீடுகள் அவர்களுடையவை. வழிகாட்டிகளாகவும் சுமை தூக்குவோராகவும் காயமுற்றோரைத் தோளில் சுமந்து செங்குத்தான சரிவுகளில் இறக்குவோராகவும் அவர்கள் ஆற்றிய தொண்டை, 14-ஆம் சேனையின் தளபதி ஸ்லிம் தம் நூலில் மனமுவந்து பாராட்டியுள்ளார். கோகிமாவில் போரிட்ட பிரிட்டிஷ் வீரர்கள் முதுமையில் ஓர் அறக்கட்டளை அமைத்து நாகப் பிள்ளைகளின் கல்விக்கு உதவினர். பிள்ளைகளை இழந்த ஜப்பானியக் குடும்பத்தினர் கோகிமாவின் பெரிய கத்தோலிக்கத் தேவாலயம் எழுவதற்குப் பொருள் அளித்தனர். இம்பாலுக்கு அருகில் செம்மலையடியில் 2019-இல் ஜப்பானியர் உதவியுடன் அமைதிக் காட்சிச்சாலை ஒன்றும் திறக்கப்பட்டது. பகைத்தவர்களே ஒருவர் இறந்தோரை மற்றவர் மதிக்கக் கற்றுக்கொண்டனர்.

நாம் செய்யத்தக்கவை

அன்பர்களே! கேட்டுக் கலைவதற்காக மட்டும் இவற்றைக் கூறவில்லை. சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது: நம் காலனியில் உள்ள ஒவ்வொரு குடும்பத்திலும் தாத்தா, பாட்டனார், பெரிய மாமா என எவரேனும் படையில் இருந்திருப்பர். இந்தியப் படையோ, நேதாஜியின் படையோ, விடுதலைக்குப் பின் 1962, 1965, 1971, 1999 ஆகிய ஆண்டுகளின் போர்களோ, எதுவாயினும் ஆகுக. பர்மாவிலிருந்து நடந்து வந்தோர் பெயரும் வேண்டும். அவற்றைத் தொகுத்துச் சங்கத்தில் ஒரு பெயரேடு தொடங்குவோம். பாட்டிமார்களைக் கேளுங்கள், இன்று கேளாவிடின் நாளை கேட்க ஆளிருக்காது.

இரண்டாவது: போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்ப்பதிவேட்டை இன்று இணையத்தில் எவரும் பார்க்கலாம். வீரர் பலருக்குத் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. வட ஆர்க்காடு, சேலம், திருச்சி என்று ஊர்ப்பெயர் கண்டால், அவ்வூரைச் சேர்ந்த நம் உறுப்பினர் விடுமுறையில் செல்லும்போது அக்குடும்பத்திற்குச் செய்தி சொல்லலாம். தம் முன்னோர் பெயர் ஒரு தொலைதூரக் கல்லில் இருப்பதை அறியாத வீடுகள் எத்தனையோ இருக்கலாம்.

மூன்றாவது: குவஹாத்தியிலும் திக்பாயிலும் இத்தகைய கல்லறைச் சோலைகள் உள்ளன. நாம் அவற்றின் மதிலோரமாக எத்தனை முறை சென்றிருப்போம்! ஆண்டுக்கு ஒரு முறை நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்வோம். சொற்பொழிவு வேண்டாம், பெயர்களைப் படிக்கச் சொன்னால் போதும்.

பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்தவர்கள் நாம். சொந்த மண்ணிலிருந்து ஆயிரம் காதம் தள்ளி இறப்பவனை எவர் நினைப்பர் என்ற அச்சம் நம் நெஞ்சின் ஒரு மூலையில் எப்போதும் உண்டு. கோகிமாவின் மலைச்சரிவில் உறங்குவோர் நம்மைவிடத் தொலைவிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய கல்லைத் துடைத்துப் புல்லைக் கத்தரித்து மரத்துக்கு நீர் விடுபவர்களோ அவர்கள் மொழி பேசாத அம்மலை மக்கள். பிறர் வீட்டுப் பிள்ளைக்கு அவர்கள் செய்வதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் செய்ய மாட்டோமா?

போர் வேண்டாம் என்று சொல்வதற்கு உரிமை உடையவர், போரில் பட்டவரின் பெயரை அறிந்தவரே. அந்த மலைக்கல் எங்கள் கையில் ஒப்படைத்த தூதை இவ்வவையில் சேர்ப்பித்துவிட்டோம். இனி அதை எடுத்துச் செல்ல வேண்டியவர் நீங்கள். அடுத்த ஆண்டு விழாவிற்குள் பெயரேட்டின் முதல் பக்கமாவது நிறைந்திருக்க வேண்டும் என்பதே எங்கள் விண்ணப்பம்.